இரண்டாவது கியருக்கும் மூன்றாவதற்கும் நடுவில்

"ரெண்டுலேருந்து மூணுக்கு மாறுறப்ப 'டக்'குன்னு ஒரு சத்தம். கேட்டுச்சா உஸ்தா?"

பக்கத்து இருக்கையிலிருந்து அபூ மிஷாரி கேட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த 'உஸ்தா', அதாவது தலைமை மெக்கானிக் ஹைதமுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

ஆனால் குவைத் ஷுவைக் பட்டறைத் தெருக்களில் ஹைதமுக்குக் 'காது' என்றுதான் பெயர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அந்தப் பேச்சை ஊரெல்லாம் பரப்பியதில் அவருக்கே பெரும்பங்கு உண்டு. அப்படிப்பட்டவர், முப்பது வருடம் போலீஸ் அதிகாரியாக இருந்து அடுத்தவரை ஒப்புக்கொள்ள வைத்தே பழகிய அபூ மிஷாரியிடம், கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வார்?

"கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

"நீ என்னடா சொல்ற?" என்றார் அபூ மிஷாரி, பின்னால் இருந்த மகனிடம்.

"ஆமா வாப்பா, எனக்கும் கேட்டுச்சு," என்றான் மிஷாரி, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். அப்பாவுக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்கும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

மிஷாரியின் மணல்மேட்டுப் பந்தய வண்டி அது. மேட்டில் ஏறும்போது ஆட்டோமேட்டிக் கியர் யோசித்து யோசித்து மாறினால் சக்கரம் மணலில் புதைந்துவிடும். அதனால் போன மாதம் ஹைதம்தான் கியர்பாக்ஸைப் பிரித்து, எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டி, ஒவ்வொரு கியரும் வெடுக்கென்று விழும்படி மாற்றிக் கொடுத்திருந்தார். குறை என்றால் அவர் கைவேலையில்தான் குறை.

"வெள்ளிக்கிழமை பந்தயம்," என்றார் அபூ மிஷாரி இறங்கும்போது. "எங்க கிளப்ல பன்னெண்டு வண்டி இருக்கு. சத்தம் நின்னா பன்னெண்டும் உங்க பட்டறைக்குத்தான். நிக்கலன்னா எதிர்த்தாப்புல அர்தஷீர் இருக்காரு."

அந்தத் தெருவில் ஹைதமுக்குப் போட்டி என்று இருந்த ஒரே பட்டறை அர்தஷீருடையதுதான்.

உதவியாளர் ஷவ்கி எகிப்துக்காரர், நாற்பது வயது, உண்மை பேசுவது ஒன்றுதான் குறை. நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் கியர்பாக்ஸில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"உஸ்தா, எனக்கு ஒண்ணும் கேக்கல."

"அதனாலதான் நீ ஷவ்கி, நான் உஸ்தா."

கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் தொய்ந்திருக்க வேண்டும் என்று ஹைதம் தீர்ப்பளித்தார். ரப்பரை எடுத்துவிட்டுக் கல் மாதிரி ஒன்றைப் போட்டார். மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள். கியர் மாறும்போது வண்டியோடு சேர்ந்து எல்லோரும் ஒரு குலுங்கு குலுங்கினார்கள்.

"இப்ப இன்னும் சத்தமா கேக்குதே," என்றார் அபூ மிஷாரி.

"ஆமா," என்றார் ஹைதம் பரிதாபமாக. "அதையேதான் நானும் சொல்ல வந்தேன்."

அடுத்து, கியர்பாக்ஸுக்குள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன என்று கண்டுபிடித்தார். எண்ணெய் அழுத்தத்தை இன்னும் ஏற்றினார். இந்த முறை கிளப்பிலிருந்து மூன்று பேர் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஒருவருக்கு 'கிர்ர்' என்று கேட்டது, இன்னொருவருக்கு 'ணங்' என்று கேட்டது, மூன்றாமவர் தனக்கு இரண்டும் கேட்பதாகச் சொல்லி மற்ற இருவரையும் திருப்திப்படுத்தினார். அபூ மிஷாரிக்கு மட்டும் பழைய 'டக்'குதான், ஆனால் இப்போது எல்லா கியருக்கும்.

தகவல் தெருவைத் தாண்ட ஐந்து நிமிடம் ஆனது. கையைத் துடைத்துக்கொண்டே அர்தஷீர் வந்து, ஓடாமல் நின்ற வண்டியின் இன்ஜின் மூடியில் காதை வைத்தார்.

"அடடா. எனக்கு இங்கேயே கேக்குதே ஹாஜி."

"வண்டி ஆஃப்ல இருக்கு," என்றார் ஷவ்கி.

"அனுபவம்னு ஒண்ணு இருக்கே தம்பி."

ஹைதமுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அத்தனை பேருக்கும் கேட்கிறது, அர்தஷீருக்குக்கூடக் கேட்கிறது, தனக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் கோளாறு கியர்பாக்ஸில் இல்லை. 'காது' என்று பெயரெடுத்தவனுக்குக் காது போய்விட்டது. இது வெளியே தெரிந்தால் பன்னிரண்டு வண்டி என்ன, ஒரு தள்ளுவண்டிகூடப் பட்டறைக்கு வராது.

வியாழக்கிழமை காலை, கடைசி மருந்தாக அழுத்தத்தை முழுவதும் ஏற்றி வைத்தார்.

"மிஷாரி வந்தா வண்டியக் குடு. அவங்க அப்பாவையும் ஏத்திட்டு ஒரு சுத்து போயிட்டு வரச் சொல்லு," என்று ஷவ்கியிடம் சொன்னார்.

"நீங்க?"

"பல்லு வலி."

பல் வலிக்காக அவர் போனது ஹவல்லியில் இருந்த ஒரு காது டாக்டரிடம். ஷுவைக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத இடம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து அரைமணி நேரம் விதவிதமாக ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். ஊசி விழுகிற சத்தம்வரை அத்தனைக்கும் அவர் கை தூக்கினார்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு இப்படி ஒரு காதை நான் பாத்ததே இல்ல. எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"கேக்காத சத்தம் ஒண்ணு இருக்கு டாக்டர்."

"எல்லாருக்கும் கேக்குதா?"

"எல்லாருக்கும்."

டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கச் சொல்லி அனுப்பினார்.

ஹைதம் வெளியே வந்து வரவேற்பறை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். காது நன்றாக இருக்கிறது என்பதில் ஒரு கணம் சந்தோஷம். அப்படியானால் அந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்று நினைத்ததும் அது போய்விட்டது. நாளை காலை பந்தயம். அர்தஷீரின் வாசலில் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நிற்பது கண்ணில் தெரிந்தது.

மேசையில் தொலைபேசி அடித்தது. அங்கிருந்த பெண் எடுத்து, இரண்டு முறை மெதுவாகப் பதில் சொல்லிப் பார்த்தாள். மறுமுனையில் இருந்தவருக்கு எட்டவில்லை போலிருந்தது. அவள் எழுந்து நின்று, கட்டடமே கேட்கும்படி கத்தினாள்:

"அபூ மிஷாரி, மெஷின்ல கோளாறு இல்ல, வண்டி குலுங்குறப்பல்லாம் உங்க தலைத்துணிக்குள்ள இருக்கற காது மெஷின் சீட்டுல இடிக்குது, அதான் உங்களுக்கு மட்டும் 'டக்'குன்னு கேக்குது!"