காற்புள்ளியும் எர்த் பட்டையும்

மனைவிக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்த அன்றைக்கே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். லைசென்ஸ் அவளிடம் இருக்கட்டும். ஸ்டியரிங் தம்மிடம்தான் இருக்க வேண்டும்.

அவருக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அகராதி, பாடப்புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுக் காகிதம், எதுவானாலும் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் மெஷினை நிறுத்திவிடுவார். அதனால் அங்கே எல்லாரும் அவரைக் காற்புள்ளி என்றே கூப்பிட்டார்கள். ஊராரின் பிழையைத் திருத்துகிறவரை வீட்டில் திருத்துவது மனைவி. பதினெட்டு வருஷமாகக் கடைசிச் சொல் அவளுடையது. அதற்குப் பிறகு வைக்கிற முற்றுப்புள்ளியும் அவளுடையதுதான். அந்த வீட்டில் அவர் சொன்னபடி நடக்கிற ஒரே பொருள் அந்தப் பழைய நீலக் கார். அதுவும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

அவருடைய முடிவுக்கு ஒத்தாசையாக இரண்டே நாளில் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் போல ஒரு முனகல் முனகும். பிறகு 'டக்'. அவ்வளவுதான். ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் சோர்ந்து விழும். காற்புள்ளி தள்ளிக்கொண்டே போய்த் தெருமுனை பேட்டரிக் கடையில் நிறுத்தினார்.

கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். "பேட்டரி நல்லா இருக்கு சார்" என்றார். ஒரு டார்ச்சை எடுத்து பேட்டரிக்குக் கீழே அடித்தார். "இங்க பாருங்க."

அங்கே செம்புக் கம்பிகளைச் சடை பின்னின மாதிரி ஒரு பட்டை, இன்ஜினிலிருந்து காரின் உடம்புக்குப் போயிற்று. போயிற்று என்பது பேச்சுக்கு. பாதிக் கம்பி பச்சை பூத்து உதிர்ந்துவிட்டது. மீதிப் பாதி துருப்பிடித்த போல்ட்டில் பேருக்குத் தொற்றிக்கொண்டிருந்தது.

"எர்த் பட்டை சார். கரண்ட் போனா மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேணும். அந்த வழி இதுதான். இது போயிடுச்சு."

சொல்லிக்கொண்டே ஒரு கறுப்பு வயரை எடுத்தார். இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப். ஒரு கிளிப்பை பேட்டரியின் மைனஸில் கடிக்க விட்டார், மறு கிளிப்பை இன்ஜினில். "இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க."

முதல் திருப்பிலேயே கார் உறுமியது.

"அரை மணி நேர வேலை சார். புதுப் பட்டை போட்டுடலாமா?"

காற்புள்ளி அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழையைக் கண்டால் உடனே திருத்துகிற மனிதர், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பிழையை அப்படியே விட்டுவைக்கத் தீர்மானித்தார்.

"பட்டை இருக்கட்டும். இந்த வயர் மாதிரி ஒண்ணு கொடுங்க" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். "கடைக்கு நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

"தாராளமா" என்றார் காற்புள்ளி.

அவள் திருப்பினாள். முனகல். டக். மறுபடி திருப்பினாள். டக்.

"எழுந்திரு. இந்த வண்டிக்கு என் கை பழகிப்போச்சு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அவர் இறங்கினார். போனட்டைத் தூக்கினார். பழைய குடை உறையில் ஒளித்து வைத்திருந்த வயரை எடுத்து, போனட் மறைவில் இரண்டு பக்கமும் கிளிப்பை மாட்டினார். தொண்டையைச் செருமினார். வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கார் உறுமியது. மறுபடி போய் வயரைக் கழற்றிச் சுருட்டிப் போனட்டை மூடினார்.

"என்ன பண்ணினீங்க?"

"அது சொன்னா புரியாது. எல்லாம் ஒரு கை நேக்கு."

அவர் ஒன்றை மறந்துவிட்டார். மனைவிக்கு லிஃப்ட் கம்பெனியில் புகார் எடுக்கிற வேலை. போனில் ஒருவர் 'லிஃப்ட் ஓடல' என்று மட்டும் சொன்னால் போதும். ஏழு கேள்வி கேட்டு, என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, சரியான ஆளைச் சரியான சாமானோடு அனுப்பிவிடுவாள். காரில் துரு என்றால் வீட்டில் துருவல் தொடங்கியது.

"எப்போலேர்ந்து இப்படி?"

"போன வாரம்."

"மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"ஸ்டார்ட் ஆகாதப்போ ஹாரன் அடிக்குதா?"

"அடிக்குது. அழுதுக்கிட்டே அடிக்குது."

"பேட்டரி?"

"நல்லா இருக்கு."

"யார் சொன்னா?"

காற்புள்ளி விழித்தார். "நேக்குல தெரியும்" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதே இல்லை. அவர் அன்றைக்குச் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

அதற்குப் பிறகு அவருக்கு ராஜ வாழ்க்கை. காலை ஆறரைக்கு அச்சகத்து பஸ்ஸில் போவார், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இறங்குவார். கைகால் கழுவிவிட்டு, குடை உறையோடு வெளியே வருவார். போனட், வயர், செருமல், உறுமல். எதிர்வீட்டு வாசலில் பாப்பாவுக்குச் சோறூட்டுகிற அம்மாவும் வேடிக்கை பார்ப்பாள். பிறகு இருவரும் கடைத்தெருவுக்கோ பூங்காவுக்கோ போய் வருவார்கள். மனைவி சாவியை எடுப்பதையே விட்டுவிட்டாள். ஏதாவது கேட்டால், "நமக்கெல்லாம் அந்த நேக்கு வராதுங்க" என்றாள்.

இந்த ராஜாவுக்கு ஒரே ஒரு கவலை. பத்துப் பதினைந்து நாளாக ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது. முன்பெல்லாம் இடித்ததில்லை. தொப்பை வைத்துவிட்டது என்று முடிவு செய்து, ராத்திரிச் சாப்பாட்டில் பாதியைக் குறைத்துக்கொண்டார். அப்படியும் இடித்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

"ஏன் சாப்பிடமாட்டேங்கறீங்க?" என்றாள் மனைவி.

"உடம்பைப் பாத்துக்க வேண்டாமா?"

"வேணும் வேணும்" என்று மிச்சத்தை அவள் மூடி வைத்தாள்.

போனட்டைத் திறக்கும்போது சில நாள் இன்ஜின் இளஞ்சூடாக இருக்கும். பகலெல்லாம் வெயிலில் நிற்கிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வார்.

ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. அச்சகத்தில் மின்சாரம் போய்விட, எல்லாரையும் நாலு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். காற்புள்ளி வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கூடத்தில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. இரண்டு தும்மல் போட்டாள்.

"நல்லா நனைஞ்சுட்டியா?"

"ஆமா. ஒரு நொடில கொட்டிடுச்சு."

அவ்வளவுதான் பேச்சு. அவள் உள்ளே போய்விட்டாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பஸ் நிறுத்தத்தில் கூரையில்லாத இடத்தில் அவள் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. லைசென்ஸ் வாங்க மூன்று தடவை டெஸ்டுக்குப் போனவள். இரண்டு தடவை ரிவர்ஸில் கம்பத்தை இடித்து, யாரிடமும் சொல்லாமல் வந்து பாத்திரம் தேய்த்தவள். மூன்றாவது தடவை பாஸ் பண்ணி, அந்த அட்டையை ஒரு நாள் முழுக்கக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் குடை உறையில் வயரைச் சுருட்டி வைத்தார்.

அன்றைக்கு அவர் போனட்டைத் திறக்கவில்லை. எங்கேயும் போகவேண்டாம் என்றார். படுத்தும் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை பேட்டரிக் கடைக்குப் போய்ப் புது எர்த் பட்டை, உப்புத்தாள், ஒரு சின்ன டப்பா வாஸ்லைன் வாங்கிக்கொண்டு வந்தார். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டார். வேலையை முடித்துச் சாவியை அவள் கையில் கொடுத்து, 'இனிமே நீயே ஓட்டு' என்று சொல்வதாக ஏற்பாடு. உண்மையை எவ்வளவு சொல்வது என்பது மட்டும் முடிவாகவில்லை.

கடைக்காரர் சொல்லிக் கொடுத்தபடி முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றினார். டார்ச்சை அடித்து, பேட்டரிக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

பட்டை பளபளவென்று இருந்தது.

டார்ச்சைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் பளபளத்தது. துரு தானாகவே ஆறிவிடுமா என்று ஒரு கணம் யோசித்தார். புதுப் பட்டை, புது போல்ட். பட்டை உட்காருகிற இடத்தை வெள்ளி மாதிரி தேய்த்து, மேலே வாஸ்லைனும் தடவியிருந்தது. பழக்க தோஷத்தில் பிழை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"என்னங்க, காபி" என்று மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"இது யார் மாத்தினது?"

"நான்தான்."

"எப்போ?"

"நீங்க நேக்குன்னு சொன்னீங்களே, அந்த வாரம் வியாழக்கிழமை. எனக்கு லீவு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பேட்டரி நல்லா இருக்கு, மழைக்கு அப்புறம் கோளாறு, ஹாரன் அழுவுது. எங்க ஆபீஸ் மெக்கானிக்கைக் கேட்டேன். எர்த்தைப் பாருங்க அக்கான்னார். திறந்து பாத்தா, இன்ஜின் அழுக்குல ரெண்டு வரிசைப் பல்லு கடிச்ச தடம். குடை உறை வேற கனமா இருந்தது. ஒரு மணி நேரம் ஆச்சு, போல்ட்டு இறுகிக்கிடந்தது."

"அப்போ நீ…"

"அன்னிக்கிருந்து தினம் கார்லதான் ஆபீஸ் போறேன். நீங்க வர்றதுக்குள்ள வந்துடுவேன். சீட்டை மட்டும் பழையபடி தள்ளி வைக்கணும். ஒரு பல்லு முன்னாடியே நின்னுடுது, சில நாள்."

காற்புள்ளி தம் வயிற்றைப் பார்த்தார். அதற்காக விட்டுக்கொடுத்த சாப்பாடெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

"நேத்து மழையில நனைஞ்சது?"

"மாடியில துணி எடுத்தேன்."

அவர் காபியை வாங்கிக்கொண்டார். கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. தெருவே பார்க்க முப்பது நாளுக்கு மேல் போனட்டுக்குள் தலையை விட்டு, நல்ல காருக்கு வயர் மாட்டிச் செருமியிருக்கிறார்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் சொல்லல? எனக்குப் பாடம் கற்பிக்கவா?"

"சேச்சே. மறுநாளே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றாள் மனைவி. "நீங்க போனட்டுக்குள்ள தலைய விட்டாத்தான் எதிர்வீட்டுப் பாப்பா வாயைத் திறந்து சாப்பிடுதாம், அதுக்குப் பல்லு முளைக்கற வரைக்கும் சொல்லிடாதீங்கன்னு அவங்க அம்மா கேட்டுக்கிட்டாங்க."