புளிப்பு மாமாவும் பூக்காத மரமும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எலுமிச்சம்பழம் பிழியத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் பழத்தைக் கொலை செய்கிறவர்கள். இதைச் சொன்னவரும் அந்த ஒருவர்தான்.

சிதம்பரம் ரயிலடிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் அவர் சமையல்காரர். எல்லோருக்கும் புளிப்பு மாமா. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, ஊரைவிட்டு வந்து, பண்ருட்டியில் லாரிக்குப் பலாப்பழம் ஏற்றி, கடலூரில் மீனுக்கு ஐஸ் உடைத்து, கடைசியில் அங்கே பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தேன். படுக்க இடம், மூன்று வேளைச் சோறு. திட்டு தனி.

"அடுப்பு மேல வச்சிப் புழிஞ்சா கசக்கும்டா! எறக்கி வச்சி சூடு அடங்கட்டும். கொட்டைய ஏன் நசுக்குற? அது என்னா ஒன் எதிரி மண்டையா?"

ஒருமுறை கல்லூரி மாணவர் ஒருவர் ஆவி பறக்கும் சோற்றில் பழத்தைப் பிழியப் போனார். மாமா ஓடிவந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டார். ஆறிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பையன் அதைச் செல்போனில் படமெடுத்ததுதான் மிச்சம்.

மெஸ்ஸுக்குப் பின்னால் ஓர் எலுமிச்சை மரம். மாமா வைத்தது. இலை உண்டு, முள் உண்டு, பழம் கிடையாது.

"சித்திரைக்குள்ள பூக்கலன்னா வெட்டிடுவேன். பைக் நிறுத்த எடமில்ல," என்றார் முதலாளி.

மாமா தண்ணீரை நிறுத்தினார். காயப்போட்டுப் பிறகு தண்ணீர் விட்டால்தான் எலுமிச்சை பூக்கும். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. ஒரு நாளைக்கு நூறு திட்டு திட்டிய வாய்க்கு இதைச் சொல்ல வலிக்குமா?

இலை வாடியதைப் பார்த்தேன். பேருந்து நிலையங்களில் வெறும் வயிற்றோடு படுத்தவன் நான். மாமா மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் இரண்டு குடம் ஊற்றினேன். மரம் தளதளவென்று தழைத்தது. மொட்டு மட்டும் இல்லை.

"இவ்ளோ காயப்போட்டும் தழைக்குதுன்னா எவனோ சூனியம் வச்சிட்டான்!" என்று மாமா குதித்தார். அவர் படும் பாட்டைப் பார்த்து நான் இன்னும் ஒரு குடம் சேர்த்து ஊற்றினேன்.

சித்திரை முடிந்தது. முதலாளி கோடாலியோடு ஆளைக் கூட்டி வந்துவிட்டார். நான் மாமாவிடம் ஓடினேன்.

"நானும் தெனம் மூணு கொடம் ஊத்துறேன் மாமா, பூக்க மாட்டேங்குதே!"

மாமாவின் கையிலிருந்த கரண்டி என் காதை உரசிப் பறந்தது. மரத்தைச் சுற்றி மூன்று முறை துரத்தினார். மூச்சு வாங்க, கோடாலிக்காரன் முன்னால் வந்து நின்றார்.

"மொதலாளி, மரத்து மேல குத்தமில்ல. வெட்டணும்னா இந்த எருமமாட்ட வெட்டுங்க. மரத்துக்கு ரெண்டு மாசம் குடுங்க."

"சரி, குடுத்தேன். இவன அனுப்பிடறேன்."

"இவன எதுக்கு அனுப்பணும்?" மாமா முதலாளி மேலேயே பாய்ந்தார். "அப்புறம் நான் யாரத் திட்டுறது?"

நான் மரத்துப் பக்கம் போகாதபடி, பாத்திரம் தேய்க்கும் தொட்டியை மாமா தெருப்பக்கம் மாற்றினார். இலைகள் சுருண்டு, பாதி உதிர்ந்தன. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஒரு நாள் மாமாவே என் கையில் குடத்தைத் திணித்தார். "இப்ப ஊத்து. நல்லா ஊத்து." மூன்றாவது வாரம் மரம் முழுக்க வெள்ளைப் பூ.

முதல் பழத்துக்கு முதலாளி கை நீட்டினார். மாமா அதை உப்புப் போட்டுத் தண்ணீரில் பிழிந்து என்னிடம் நீட்டினார்.

"குடி. கொட்டைய முழுங்கித் தொலைக்காத."

இப்போது மங்கலம்பேட்டையில் ஒரு கடையில் நானே சோறு கிளறுகிறேன். இறக்கி வைத்து, சூடு அடங்கும்வரை பழத்தைத் தொடுவதில்லை. பக்கத்தில் திட்டத்தான் ஆள் இல்லை.