நடந்தால் எரியும் விளக்கு

உயிரே போனாலும் நடக்கமாட்டேன் என்று தவக்காலத்தின் முதல் நாள் சபதம் எடுத்தேன். ஊரில் மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள். நான் நடையை விட்டேன்.

டாக்டர் உரேன்யாதான் காரணம். என் சர்க்கரை முந்நூறைத் தொட்டுவிட்டதாம். தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடந்து அதை இறக்காவிட்டால், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் பீன்ஸ் பாயசம் கிடையாதாம். என் மனைவி யோகாஸ்தா காய்ச்சுகிற பாயசம்! சிவப்பு பீன்ஸ், தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளி, மேலே மிதக்கும் குட்டி பிஸ்கட். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மற்ற ஐம்பத்தோரு வாரமும் நான் உயிரோடு இருக்கிறேன்.

ஆனால் எங்கள் தெருவில் எப்படி நடப்பது? ஐந்து மணியானால் வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிடும். மளிகைக் கடை முன்னால் மேசை போட்டு டோமினோ ஆடும் கூட்டம். அரைக்கால் சட்டையோடு அந்த மேசையைக் கடந்தால் மிச்சமிருக்கும் மானமும் கப்பலேறும். அதனால் ஒரு திட்டம் போட்டேன்.

"யோகாஸ்தா, அடுத்த தெருவுல மூணு வீட்ல கேஸ் சிலிண்டரத் தூக்கிட்டானுங்க. சாயங்காலம் வீட்டப் பூட்டிட்டு நடக்கப் போனா யாரு காவல்?"

"நியாயந்தான், கெழவா."

முப்பத்து நாலு வருஷத்தில் நான் சொன்னதை அவள் நியாயம் என்றது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் ஒரு பெட்டி வந்தது. கேமரா இரண்டு, ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு இரண்டு.

"இத மாட்டிரு. வீடு தன்னத் தானே பாத்துக்கும். நாம நடக்கப் போலாம்."

மாட்டினேன். கடவுள் இருக்கிறார், எதுவும் வேலை செய்யவில்லை. கேமரா படம் அவள் போனில்தான் வரும். போனும் கையுமாக ஆடும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"கேட்லேருந்து நட, பாப்போம்."

நடந்தேன்.

"ஒண்ணும் தெரியல. கொல்லப்பக்கம் வரைக்கும் போய்ட்டு வா."

போய் வந்தேன்.

"வெளக்கும் எரியல. வேகமா நட, கெழவா! திருடன் என்ன ஊர்வலமா வருவான்?"

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இது சரியாகும் வரை வீட்டை விட்டு நகர முடியாதே! தினமும் சாயங்காலம் ரிப்பேர். திருகாணியைத் திருப்பினேன், கண்ணாடியைத் துடைத்தேன், வைஃபை பெட்டியை ஜன்னலுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை நடை. ஒரு நாள் எரியும் விளக்கு மறுநாள் செத்துக் கிடக்கும். அபூர்வமாக எரிந்தால், மின்வெட்டு முடிந்ததும் கத்துகிற மாதிரி தெருவே "கரண்ட் வந்துருச்சூ!" என்று கைதட்டும்.

பக்கத்து வீட்டு மிலேடி மதில்மேல் தலையை நீட்டினாள். "என்ன நார்சிசோ, ஒன் வீட்டயே நோட்டம் விடுறியா?"

"ரிப்பேர், மிலேடி."

"திருடன்கூட இத்தன தடவ வரமாட்டான்யா."

நாலாவது வாரம் யோகாஸ்தா கூவினாள். "வந்துருச்சு! 'மனிதர் தென்படுகிறார்'னு போட்டுருக்கு!"

மூச்சிரைக்க ஓடினேன். "நானா?"

"இல்ல. மிலேடி வீட்டுப் பூன."

இடிந்துபோனேன். வீட்டில் என் பேச்சு எடுபடாது, அது பழகிப்போனது. இப்போது உருவமும் எடுபடவில்லை. பூனை மனிதர், நான் காற்று. அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. கவலையில் கரைகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புனித வாரத்துப் புதன்கிழமை டாக்டரிடம் போனோம். சர்க்கரை நூற்றுப் பதினெட்டு.

"பிரமாதம்! நடைய விட்டுராதீங்க" என்றார் டாக்டர்.

"நடையா? ஒரு நாள்கூட நான் நடக்கல!" என்றேன் பெருமையாக.

டாக்டர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். யோகாஸ்தா அனுப்பிய வீடியோக்கள், முப்பத்தெட்டு. கேட்டிலிருந்து கொல்லை, கொல்லையிலிருந்து கேட், எல்லாவற்றிலும் நான்தான். கீழே 'மனிதர் தென்படுகிறார்' என்று எழுதியிருந்தது. வெட்கம் கெட்ட மனசு, முதலில் அதைப் பார்த்துத்தான் குளிர்ந்தது.

"கேமரா மொத நாள்லேருந்தே நல்லாத்தான் இருக்கு, கெழவா. வெளக்குத் திருகாணியத்தான் தெனம் காலைல நான் திருப்பி வெச்சுருவேன்."

"அப்ப அந்தப் பூன?"

"சும்மா சொன்னேன். நீ கொஞ்சம் ஓடவும் வேணாமா?"

மறுநாள் வியாழன். பாயசம் கொதிக்கும் வாசனை வீடெல்லாம் பரவியது. சூட்சுமம் தெரிந்துவிட்டது; இனி எந்தக் கொம்பனாலும் என்னை நடக்கவைக்க முடியாது என்று நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தேன்.

யோகாஸ்தா கிண்ணம் நிறையப் பாயசத்தோடு வந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் நீட்டவில்லை. விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"எரியலியே, கெழவா."

எழுந்து கேட்டுக்குப் போனேன்.