கழனி அண்ணனின் பாட்டில்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரைக்கு மேற்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தேன். கண்டுபிடித்தது ஒன்றுதான்: எந்தப் பாட்டிலைக் கொட்டக் கூடாது என்பது. அதுவும் கொட்டிய பிறகு.

பாட்டில்கள் கழனி அண்ணனுடையவை. சீனியர், விளாங்குடிக்காரர். பழைய தண்ணீரை அவரைப்போல் மதித்த மனிதர் வைகையின் இரு கரையிலும் கிடையாது. எலியின் மண்ணீரல் செல்கள் இரண்டு நாள் ஊறி மஞ்சளாகிப்போன நீரை, மாட்டுக்குக் கழனித்தண்ணி சேர்ப்பதுபோல் சேர்த்து, தான் வளர்த்த டி செல்களுக்கு, அதாவது நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களுக்கு, ஊற்றுவார்; பட்டப்பெயர் வந்தது அதனால்தான். "வாரேன், வாரேன், பறக்காதீகடா" என்று செல்களோடு பேசவும் செய்வார். ஒருமுறை பக்கத்தில் தும்மிவிட்டு, அவற்றிடம் மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு அது வெறும் கஞ்சத்தனமாகப் பட்டது. மறுநாள் பேராசிரியர் பார்வையிட வருகிறார் என்று ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்தவன், பன்னிரண்டு பாட்டிலையும் கவிழ்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

"அம்புட்டையுமா மாப்ள?"

"அழுக்குத் தண்ணிதானண்ணே?"

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "டி செல்லு நம்மூரு சண்டியரு மாதிரிடா. எதிரியப் பாத்தா மொறைக்கும், அம்புட்டுத்தேன். 'ஆளச் சேரு, அடி'ன்னு சேதி வந்தாத்தேன் பெருகும். சேதி நின்னா செத்துப்போகும். அந்தச் சேதி கரைஞ்ச தண்ணியத்தேன் நீ சாக்கடைக்கு அனுப்பிருக்க. புதுசா எடுக்க ரெண்டு நாளாகும், இதுக ஒரு நாள் தாங்காது. நாலு வருச தீசிஸ் மாப்ள!"

திடீரென்று எழுந்து சைக்கிளை எடுத்தார். மின்வெட்டுக்குப் பயந்து, வில்லாபுரம் ஐஸ் கடையில் ஒரு பாட்டில் போட்டு வைத்திருக்கிறாராம். பின்னால் தொற்றிக்கொண்டேன்.

"இதுவா?" என்று சேமியா ஐஸுக்கு அடியிலிருந்து எடுத்தார் கடை பாய். "எசன்ஸுன்னு நெனச்சு நேத்துத்தேன் கலக்கப் பாத்தேன் தம்பி."

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினோம். அண்ணன் செல் வளர்த்த குடுவைகள் நான்கு; ஒன்றுக்குத்தான் அது போதும். மற்ற மூன்றின் பக்கம் திரும்பாமல் அண்ணன் அந்த ஒன்றுக்கு மட்டும் ஊற்றினார்.

மறுநாள் பேராசிரியர் குனிந்து பார்த்தார். "மூணு ஏன்யா செத்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்தினார். "நாந்தேன் சார் சேதிய நிப்பாட்டிப் பாத்தேன். கெடைச்சது பொழச்சிருக்கு, கெடைக்காதது போயிருச்சு. ஒப்பிட்டுப் பாக்கணும்ல?"

"பேஷ்! எழுதி வை" என்றார் பேராசிரியர்.

வெளியே வந்ததும் நன்றி சொன்னேன்.

"ஒனக்காக ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன். "ஒன்னய அனுப்பிட்டா புது ஆளு வருவான். அவன் எதைக் கொட்டுவான்னு நான் எங்கிட்டுக் கண்டேன்?"