கூவாத சேவல்களின் ஒழுங்கை

பெருமதிப்பிற்குரிய மூத்த சகோதரி திருமதி பத்மாவதி தியாகலிங்கம் அவர்களுக்கு,

நீர்வேலியில் தாங்களும் அத்தானும் வாழைத்தோட்டமும் குறைவின்றி இருப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன் தம்பி பிரகலாதன் இக்கடிதத்தை வரைகின்றேன். என் சுகத்தை ஒரு வரியில் சொல்லிவிட முடியாத நிலையில் இருக்கின்றேன். அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

'என்ரை சேவல் எங்கை?' என்று தாங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவுகள் அனைத்தும் கிடைத்தன. அழைப்புகளையும் கண்டேன். எடுக்காததற்குக் காரணம் திமிர் அல்ல. இந்த ஒழுங்கையில் நின்றுகொண்டு போனில் 'ஹலோ' என்று சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. ஆகையால்தான் இந்தக் காலத்திலும் பேனையை எடுத்தேன். தயவுசெய்து கடைசிவரை வாசித்துவிட்டு அத்தானிடம் கொடுக்கவும். வலயக் கல்வி அலுவலகத்தில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா, அவரைப் பிடித்து என்னை இந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் இருந்து மாற்றுவிக்க வேண்டும். உடுவில் என்றாலும் சரி, தெல்லிப்பழை என்றாலும் சரி. நாய் குரைக்கிற ஊராக இருந்தால் போதும்.

தை மாதம் உயர்தர உயிரியல் படிப்பிக்க வந்தபோது, அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் செபஸ்தியம்மா என்பவரின் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்ததைத் தாங்கள் அறிவீர்கள். அவ தங்கமான மனிசி. புருஷன் சிமியோன் கடற்றொழில் செய்கிறவர், என்னைக் கண்டால் தலையாட்டுவார், அதுக்கு மேலை கதை இல்லை. கடைசிப் பெட்டை ஜெசிதா என்ரை வகுப்பிலைதான் படிக்கிறா. முதல் நாள் விடிய எழும்பி வெளியிலை வந்து பாத்தால் அக்கா, மதில் நெடுகச் சேவல். எங்கடை பக்கத்துச் சேவல் மாதிரித்தான், கொண்டை, வால் எல்லாம் அச்சொட்டாக. ஒண்டு நெஞ்சை நிமித்தி, செட்டையை அடிச்சு, கழுத்தை வானத்துக்கு நீட்டிச் சொண்டை ஆவெண்டு திறந்தது. கழுத்து மயிர் சிலிர்த்து நடுங்குது, தொண்டை புடைக்குது, கண்ணை மூடிக்கொண்டு முழுக்கூவலும் கூவி முடிச்சிட்டு இறங்கிப் போட்டுது. சத்தம் மட்டும் இல்லை. பிறகு அடுத்த மதிலிலை ஒண்டு. பிறகு அதுக்கு அங்காலை ஒண்டு. ஒழுங்கை முடியுமட்டும் ஒண்டு மாறி ஒண்டு வாயைத் திறந்து மூடுதுகள், கடற்காத்துச் சத்தத்தைத் தவிர வேறை ஒண்டும் கேக்கேல்லை. நாய்கள் படலைக்குப் படலை வந்து நிண்டு என்னைப் பாத்துதுகள். புது ஆள் எல்லே, எங்கடை நாயள் எண்டால் ஊரைக் கூட்டியிருக்கும். உதுகள் பல்லைக் காட்டினதோடை சரி.

எனக்குக் காது பாதி போயிட்டுது எண்டுதான் நினைச்சன். அப்பாவுக்கும் கடைசிக் காலத்திலை காது கேளாமல் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினன். டொக்டர் பெட்டை காதுக்குள்ளை வெளிச்சம் அடிச்சுப் பாத்திட்டு, "ஐயா, உங்கடை காது என்ரை காதை விட நல்லாயிருக்கு" எண்டு சொல்லி அனுப்பிப் போட்டா. நம்பிக்கை வரேல்லை. வீட்டை வந்து குசினி வாசலிலை கிடந்த சட்டியை எடுத்து அகப்பையாலை ஒரு அடி அடிச்சுப் பாத்தன். கேட்டுது. வடிவாக் கேட்டுது. இன்னொண்டு அடிக்கக் கையை ஓங்க, செபஸ்தியம்மா எங்கையிருந்து வந்தாவோ தெரியாது, வந்து சட்டிமேலை கையை வைச்சா. கோவமில்லை. நித்திரைப் பிள்ளைக்குப் பக்கத்திலை நிண்டு சொல்லுமாப்போலை, "சேர், மெல்ல" எண்டா. ஒழுங்கையிலை யன்னல்கள் சாத்துப்பட்டுக் கிடந்ததை அப்பதான் பாத்தன். ஒண்டு கூட அடிச்சுச் சாத்தின சத்தம் கேக்கேல்லை.

சரி, படிப்பிப்பம், சம்பளம் தாறது அதுக்குத்தானே எண்டு வகுப்புக்குப் போனால் அங்கையும் அதே கதைதான். என்ரை சேவையிலை எத்தினையோ வகுப்பைப் பாத்திட்டன், கத்திக் கத்தித் தொண்டை கட்டாத வருசம் இல்லை. இங்கை நான் உள்ளை போனால் பிள்ளையள் எழும்பினதும் தெரியாது, இருந்ததும் தெரியாது. கதிரையைத் தூக்கித்தான் வைப்பினம், இழுக்கமாட்டினம். கூர்ப்பு எண்டுற பரிணாமப் பாடம் துவங்கினதும் எல்லாரையும் கடற்கரை மணலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கறுப்புப் பொத்தானும் வெள்ளைப் பொத்தானும் கலந்து எறிஞ்சுபோட்டு, "நீங்கள் எல்லாரும் பறவையள். கண்ணிலை படுற பூச்சியைப் பொறுக்குங்கோ" எண்டு விட்டன். கறுப்பு முழுக்கப் பிடிபட்டுப் போச்சுது, வெள்ளை மணலோடை மணலாகத் தப்பிக் கிடந்தது. பாடம் எண்டு பாத்தால் திறம். ஆனா அக்கா, அத்தினை பிள்ளையளும் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குதுகள், ஒரு சிரிப்பு இல்லை, ஒரு 'டேய் அது என்ரை' இல்லை. பறவையெண்டால் ஒரு கீச்சாவது வேணுமெல்லே.

திரும்பி வந்து கரும்பலகையிலை 'இயற்கைத் தேர்வு' எண்டு எழுதிப்போட்டு, "புத்தகத்திலை இல்லாத ஒரு உதாரணம் ஆர் சொல்லப்போறியள்?" எண்டு கேட்டன். ஒருத்தரும் சொல்லாயினம் எண்டு தெரிஞ்சுதான் கேட்டனான். ஜெசிதா எழும்பினா.

"சேர், எங்கடை ஒழுங்கைச் சேவலைச் சொல்லலாமோ?"

வகுப்பு ஏற்கெனவே அமைதிதான். அதுக்கு மேலையும் ஒரு அமைதி இருக்கெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். "சொல்லுங்கோ" எண்டன்.

"சண்டை துவங்கின காலத்திலை எங்கடை ஆக்கள் கூவுற சேவலை வைச்சிருக்கேல்லை சேர். கூவினால் அது அண்டைக்கே சட்டிக்குப் போயிடும். கூவாதது, கூவினாலும் மெல்லக் கூவுறது பேட்டோடை திரியும், அதின்ரை குஞ்சுதான் மிஞ்சும். நாயும் அப்பிடித்தான். ஒருத்தரும் திட்டம் போட்டுச் செய்யேல்லை. சேவலும் 'வாயை மூடினால் தப்பலாம்' எண்டு யோசிக்கேல்லை. அது தன்ரை பாட்டிலை நடந்திட்டுது. சண்டை முடிஞ்ச பிறகும் ஆரும் கூவுறதை வளக்கேல்லை."

பின்வாங்கிலை இருந்து றஜிந்தன் எண்ட பெடியன் மெல்லச் சொன்னான், "அது செயற்கைத் தேர்வு. மனிசர்தானே தெரிஞ்செடுத்தது."

ஜெசிதா அவனைத் திரும்பிப் பாத்தா. "நாங்கள் ஒண்டையும் தெரிஞ்செடுக்கேல்லை. பயந்தனாங்கள்" எண்டா.

சோக்குக் கட்டியை மேசையிலை வைச்சிட்டன் அக்கா. பட்டமும் படிச்சு, பயிற்சிக் கலாசாலையும் படிச்சும் உந்த உதாரணத்தை ஒரு புத்தகத்திலையும் நான் காணேல்லை. பின்னேரம் வீட்டை போய் செபஸ்தியம்மாட்டைக் கேட்டன், ஜெசிதா சொன்னது உண்மையோ எண்டு. அவ மீன் வெட்டிக்கொண்டு இருந்தா. நிமிந்து பாக்கேல்லை. "சண்டை நேரம் ஊரோடை தாழம்பத்தைக்குள்ளை ஒளிச்சுக் கிடந்தனாங்கள் சேர். ஆரோ சேவலையும் கூடையிலை கொண்டு வந்திட்டினம். விடியப்போற நேரம் அது கூவினது. எங்கடை இவரின்ரை தமையன் முன்னுக்கு இருந்தவர், வெடி அவரிலைதான் பட்டது." அவ்வளவுதான். பிறகு, "சேருக்குத் தலைத்துண்டு வைக்கட்டே?" எண்டு கேட்டா.

உதோடை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனா எனக்கு விஞ்ஞானப் பிசாசு பிடிச்சிட்டுது. உந்தச் சேவலுகள் பிறப்பிலையே ஊமையோ, இல்லாட்டிக் குஞ்சிலை கேளாததாலை பழகேல்லையோ எண்டு அறிய வேணும். அதுக்குக் கூவுற சேவல் ஒண்டு வேணும். உங்கடை சேவல் கத்தித் தொலைக்குது, பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கினம் எண்டு நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து ஓடிவந்து இரவல் கேட்டதும், நீங்கள் சந்தோசமாத் தந்ததும் அப்பிடித்தான். பஸ்ஸிலை வழி நெடுகக் கூவிக்கொண்டு வந்தது. கொண்டக்டர் ஒவ்வொரு தரமும் ஆரோ மணியடிக்கினம் எண்டு நினைச்சு பஸ்ஸை நிப்பாட்டினவன். இறங்கி ஒழுங்கைக்குள்ளை வந்து கூடையைத் திறந்து மதிலிலை விட்டன். வெயில் உச்சிக்கு வந்த நேரம். அது சுத்தி ஒரு பார்வை பாத்திட்டு, பேட்டுக் கோழியளைக் கண்ட சந்தோசத்திலையோ என்னவோ, தன்ரை முழுத் தொண்டையையும் திறந்தது.

அக்கா, நான் இதை எப்பிடி எழுத. கதவு சாத்துப்பட்டுது. அடுத்த வீட்டுக் கதவு. அதுக்கு அடுத்தது. ஒரு சத்தமும் இல்லாமல், ஒழுங்கை முடியுமட்டும். செபஸ்தியம்மா எரியிற அடுப்புக்குள்ளை ஒரு செம்பு தண்ணியை ஊத்திப்போட்டுச் சுவரோடை குந்திவிட்டா. நாய்கள் வயித்தை நிலத்திலை ஒட்டிப் படுத்துதுகள், சண்டைக்குப் பிறகு பிறந்த நாயள்! ஜெசிதா மட்டும் முதலிலை சிரிச்சா. பிறகு சிரிப்பு நிண்டுது. முற்றத்திலை குவிச்சுக் கிடந்த வலைக்குக் கீழை இருந்து சிமியோன் அண்ணையின்ரை ரெண்டு காலும் நீட்டிக்கொண்டு நிண்டுது. வலையை இழுத்துத் தலைக்கு மேலாலை மூடிக்கொண்டு மனிசன் உள்ளை கிடக்கிறார். ஜெசிதா போய் அந்தக் காலுக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்தா. வலைக்குள்ளை இருந்து அவர் கேட்டார், "ஆரின்ரை சேவல்?"

"சேரின்ரை சேவல் அப்பா."

"நல்ல குரல்" எண்டார்.

அண்டைக்கே உங்களிட்டைத் திருப்பிக் கொண்டு வந்திருப்பன். ஆனா ஒழுங்கையிலை ஒரு சனம் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை. ஏசியிருந்தால் போயிருப்பன். அடுத்தடுத்த நாளும் அது கூவும், கதவு சாத்துப்படும், வலை அசையும். பிறகு ஒருநாள் விடிய உங்கடை சேவல் மதிலிலை ஏறி, நெஞ்சை நிமித்தி, செட்டையை அடிச்சு, கழுத்தை நீட்டி, சொண்டை ஆவெண்டு திறந்தது. சத்தம் வரேல்லை.

பதறிப்போய் மிருக வைத்தியரிட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினன். அவர் சொண்டைப் பிளந்து டோர்ச் அடிச்சுக் குனிஞ்சு பாக்க, அவரின்ரை முகத்துக்கு நேரை ஒரு கூவல் கூவிச்சுது பாருங்கோ, டோர்ச் கீழை விழுந்து உடைஞ்சு போச்சுது. "இதுக்கு என்ன குறை, எனக்குத்தான் இனி மருந்து வேணும்" எண்டார். சந்தோசமாத் திரும்பி வந்தன். ஒழுங்கைக்குள்ளை கால் வைச்சதும் திரும்ப ஊமை. ஜெசிதா யோசிச்சுப்போட்டு, "அப்ப எங்கடை சேவலையும் வெளியிலை கொண்டுபோய்ப் பாப்பம் சேர்" எண்டா. கொண்டு போனம், நாள் முழுக்க வைச்சிருந்தம். அது வெளியிலையும் கூவேல்லை. அதாவது அக்கா, இங்கத்தைச் சேவலுக்குக் கூவல் ரத்தத்திலை இருந்தே போயிட்டுது. உங்கடை சேவலுக்கு ரத்தத்திலை இருக்கு, பயம் வந்து மேலை குந்திக்கொண்டுது. முதலாவதைத்தான் நான் படிப்பிக்கிறன். ரெண்டாவது எந்தப் பாடத்திலை வருகுதெண்டு எனக்குத் தெரியேல்லை.

என்னைப் பிடிச்சு ஆட்டுறதும் அந்த ரெண்டாவதுதான். நான் இப்ப படலையை ரெண்டு கையாலையும் பிடிச்சுத்தான் சாத்துறன். இருமல் வந்தால் தலையணைக்குள்ளை இருமுறன். போன கிழமை வகுப்பிலை நான் ஒரு பாடம் முழுக்கக் கிசுகிசுத்துத்தான் படிப்பிச்சிருக்கிறன், மணி அடிச்ச பிறகுதான் எனக்கே விளங்கினது. பிள்ளையளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. நேற்றுக் கண்ணாடியிலை முகம் வழிக்கேக்கை கொட்டாவி வந்தது. வாய் ஆவெண்டு திறந்தது, கழுத்து நீண்டது, ஒரு சத்தமும் வரேல்லை. கொட்டாவிதான் அக்கா, எனக்குத் தெரியும். ஆனா நான் கண்ணாடிக்கு முன்னாலை அப்பிடியே இருந்திட்டன்.

ஆகவே தாமதியாது அத்தானை அனுப்பி, என்னையும் சேவலையும் ஒரே வாகனத்தில் ஏற்றிச் செல்லுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மூத்தவர்கள் தாங்கள் இருவரும்தான் எனக்கு ஆசி கூற வேண்டும். கூறும்போது சற்று உரத்துக் கூறினால் நலம். வாழைத்தோட்டத்துக்கும், முறைத்த பக்கத்து வீட்டாருக்கும் என் அன்பைத் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
தங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
பிரகலாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு வெளிக்கிட்டனான். முற்றத்திலை கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டிருந்த சிமியோன் அண்ணை, "சேர், உங்கடை சேவல் இண்டைக்கும் கூவேல்லையோ?" எண்டு கேட்டார். அவர் என்னோடை கதைச்ச முதல் கதை அதுதான். "இல்லை அண்ணை" எண்டன். ஊசியை வலையிலை குத்தி வைச்சார். பிறகு எழும்பிச் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு மதிலடிக்குப் போய்ச் சேவலுக்கு முன்னாலை நிண்டார். ஒழுங்கையின்ரை ரெண்டு பக்கமும் பாத்தார். ரெண்டு கையையும் வாயிலை குவிச்சுக் கூவினார். அக்கா, அறுவது வயசு மனிசன், கொக்கரக்கோ எண்டு. பாதியிலை குரல் உடைஞ்சு போச்சுது. கதவுகள் சாத்துப்பட்டுது. செபஸ்தியம்மா கத்தியோடை ஓடிவந்து, "உங்களுக்கு விசரே?" எண்டு மெல்லமாக் கேட்டா. "ஒண்டும் நடக்கேல்லைப் பாரும்" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பவும் கூவினார். உங்கடை சேவல் தலையைச் சரிச்சு அவரைப் பாத்துது. பிறகு மறுமொழி சொல்லிச்சுது, முழுத் தொண்டையாலை. மனிசன் வலையைத் தேடி ஓடேல்லை. அங்கையே நிண்டு கண்ணைத் துடைச்சார். உறையைப் பிரிச்சு இதை எழுதுறன். அத்தானைக் கல்விக் கந்தோருக்கு அனுப்ப வேண்டாம், வாகனமும் வேண்டாம், சேவலையும் இனி எதிர்பாக்க வேண்டாம். அதைவிடப் பெரிய வாய்க்காரன் உங்கை ஒண்டு இருந்தால் அனுப்பிவிடுங்கோ. சிமியோன் அண்ணை இப்ப யன்னலடியிலை வந்து நிக்கிறார். "சேர், நீங்களும் ஒருக்கா வாங்கோ. ஒருத்தன் கூவினால் விசரன் எண்டுவினம், ரெண்டு பேரெண்டால் யோசிப்பினம்" எண்டுறார். போயிட்டு வாறன்.