மேல் வரி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதப் பேனா எடுத்தால் கை பொய் சொல்ல மாட்டேன் என்கிறது, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

விஷயம் பாப்பாவின் கையெழுத்து. தினம் ஒரு பக்கம் எழுத வேண்டும், மேல் வரியை வீட்டில் பெரியவர்கள் எழுதிக் கொடுக்க, கீழே பிள்ளை எட்டு முறை பார்த்து எழுதணும். அது அவள் அப்பாவின் வேலையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே நோட்டு முழுக்க மேல் வரி எழுதி வைத்துவிட்டார், ‘நான் வர நாளாகும், நீ பாட்டுக்கு எழுது’ என்று. அவர் போய் நாலு மாதம். நோட்டில் இன்னும் இருபது பக்கம் இருக்கிறது, பிள்ளை தொட மாட்டேன் என்கிறாள். கேட்டால், “எழுதினா தீந்துடும்மா” என்கிறாள்.

புது நோட்டு வாங்கி மேல் வரியை நானே எழுதினேன். நான் மூணாவதோடு நின்றவள். தையல் மிஷினில் உட்கார்ந்தால் கோடு பிசகாது, காகிதத்தில் எழுத்தெல்லாம் பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம் மாதிரி சாய்கிறது. பிள்ளையும் மனசாட்சியோடு அதையே எட்டு முறை எழுதிவிட்டாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

“இந்த மேல் வரி யார் எழுதினது?”

“நான்தாங்க.”

டீச்சர் நோட்டை வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு பக்கத்தில் மேல் வரி எழுதி, “ஒண்ணு பாப்பாவுக்கு, ஒண்ணு உங்களுக்கு” என்றார். பரீட்சைத் தாளைப் படிக்க முடியாவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்றும் சொன்னார்.

இப்போது சாயங்காலம் இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்து எழுதுகிறோம். “கோட்டைத் தாண்டாதம்மா, பென்சிலைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காத” என்று என்னை விரட்டுகிறாள். நான் எழுதியதை அழித்தே ரப்பர் பாதியாகிவிட்டது. ஒரு நாள் பாவம் பார்த்து ‘வெரி குட்’ போட்டாள், அதுவும் கோணல்.

என்னால் ஆகாது அண்ணா. அண்ணி எழுதினால் முத்து முத்தாக இருக்கும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பாப்பாவை உங்கள் வீட்டுக்கே அழைத்துப் போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். அவள் படிப்பு என்னால் கெட வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். ஆசீர்வாதம் நீங்கள்தான் தர வேண்டும், இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கை

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் அவளிடம் சொன்னேன். உடனே பையை எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டாள். போய்ப் பார்த்தால் முக்கால் பை என் சேலை. “நீ வரலயா? அப்புறம் உனக்கு யாரு சொல்லித் தருவா?” என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் அண்ணா. இன்னொரு வருஷம் என்றால் இன்னொரு வருஷம் உட்காரட்டும். முடிந்தால் பென்சில் மட்டும் அனுப்புங்கள், இரண்டு பேருக்கும்.