மொக்கைச்சாமி சிவந்த கதை

பெண் பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து ஒரு டம்ளர் திராட்சை ஜூஸ் குடித்த கையோடு மொக்கைச்சாமியின் முகம் சிவந்துபோனது. கண், காது, கழுத்து எல்லாம் சிவப்பு. நெஞ்சு வேறு திக்குதிக்கென்று அடித்தது.

வந்திருப்பது வேறு யாராவது என்றால் பரவாயில்லை. மாப்பிள்ளையின் அம்மா, தேவாரம் ஊர் மலையம்மாள்! பெண்களைத் திரட்டி ஊர் பிராந்திக்கடையையே மூடவைத்த ஆள். சம்பந்தி குடிப்பார் என்று தெரிந்தால் கைநனைக்காமல் எழுந்து போய்விடுவாள். இவர் மகள் சிம்ரனுக்கோ மாப்பிள்ளை விஜயகுமாரை ரொம்பப் பிடித்துவிட்டது. பாவம், மொக்கைச்சாமி இந்த ஜென்மத்தில் பிராந்தியை மோந்துகூடப் பார்த்ததில்லை.

கொல்லைக்கு ஓடி முகத்தைக் கழுவினார். தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது. குமட்டலுக்கு ஏலக்காயை அள்ளி மென்றுகொண்டு வந்தார். போச்சு. வாடையை மறைக்க ஏலக்காய் மெல்லுகிற ஆம்பளைகளை மலையம்மாள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்!

உடம்புச் சூடாக இருக்கும் என்று மனைவி ஒச்சம்மாள் இன்னொரு செம்பு ஜூஸை நீட்டினாள். ஓடைப்பட்டித் தோட்டத்துப் பன்னீர் திராட்சை. கெட்டுப்போகாமல் இருக்கச் சீனியை அள்ளிப்போட்டு, முந்தாநாளே பானையில் மூடிவைத்தது. சோடா கலந்தமாதிரி சுறுசுறுவென்று இருக்கிறதே என்று மலையம்மாளே மூன்று டம்ளர் குடித்திருந்தாள். மொக்கைச்சாமி செம்பைக் காலிசெய்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நேராவே கேக்குறேன். குடிச்சிருக்கீகளா?" என்றாள் மலையம்மாள்.

"எம் மக மேல சத்தியமா இல்ல தங்கச்சி."

அவள் எழுந்துவிட்டாள். சிம்ரனுக்குக் கண் கலங்கியது.

விஜயகுமார் கல்லூரியில் உயிர்வேதியியல் வாத்தியார். காலையில் தோட்டத்தில் என்ன வேலை என்று விசாரித்தான். கிளை கழித்துக் கவாத்து வெட்டிய கொடியில் மொட்டு விட மருந்து தடவினேன், வெறுங்கையாலதான் என்றார் மொக்கைச்சாமி. அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, உக்காரு. சாராயம் உள்ள போனா ஈரல் அதை முதல்ல ஒரு விஷமா மாத்தும். அடுத்த நிமிஷமே அந்த விஷத்தையும் வெறும் காடியா மாத்திரும். மாமா கைவழியா உள்ள ஏறுன மருந்து அந்த ரெண்டாவது வேலையைத் தடுத்துருச்சு. விஷம் தேங்கித்தான் முகம் இப்படிச் சிவந்துருக்கு. நாம பாட்டுக்கு வெட்டிப்பேச்சு பேசுறோம், உள்ள பாரு, ஒரு நொடி ஓயாம எத்தனை மாத்தம் நடக்குதுன்னு!"

எல்லோரும் அவரவர் விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மொக்கைச்சாமிக்குப் புல்லரித்தது. இத்தனை காலம் உள்ளே இப்படி ஒரு பாடுபடுகிறதைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்று மனசு இளகிப்போனது.

"அப்பச் சாராயம் குடிச்சது நெசந்தான?" என்றாள் மலையம்மாள், விடாமல்.

"ஜூஸைத் தவிர பச்சத்தண்ணிகூடக் குடிக்கல தங்கச்சி."

விஜயகுமார் போய்ப் பானையைத் திறந்தான். குபுகுபுவென்று நுரை. திராட்சைத் தோலில் ஒட்டிக்கொண்டு வந்த, கண்ணுக்கே தெரியாத உயிர்கள் சீனியைத் தின்று மொத்தத்தையும் சாராயமாக்கி வைத்திருந்தன. என்ன அதிசயம்! அடுப்பில்லை, ஆளில்லை, சத்தமில்லை.

எல்லோரும் மெதுவாக மலையம்மாள் பக்கம் திரும்பினார்கள். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, கல்யாணத் தேதியைப் பேசலாம் என்றாள்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த அவள் புருஷன் சுருளியாண்டி சொன்னார்: "அதான பாத்தேன். கல்யாணமான நாள்லருந்து இன்னைக்குத்தான் இவ என்னையப் பாத்துச் சிரிச்சா."